பிக்கப்புக்குப் பின்னால் ஒரு வீடு

அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் ஒரு காரவனுக்குள் குடியிருந்தேன். வண்டிக்குப் பின்னால் கொளுவி இழுக்கும் சக்கர வீடு அது, இன்னும் வாங்கவில்லை. மனோர் பார்க்கில் எங்கள் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் வதக்கிக்கொண்டு நிற்கும்போதே மனம் அதில் ஏறிவிடும். வேல்ஸ் மலைகளுக்கு நடுவே என் கணவர் தன் பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு போவார். பின்னால் கொளுவிய காரவனில், ஜன்னலோர மேசையில், நானும் மகள்கள் இருவரும் தேத்தண்ணி குடித்தபடி சீட்டு விளையாடுவோம். கண்ணாடிக்கு வெளியே செம்மறிகளும் தூறலும் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். ஒருவரும் ஒன்றுக்கும் அவசரப்பட மாட்டோம். வெங்காயம் கருகும் மணம் வந்த பிறகுதான் நான் இறங்கி வருவேன்.

கனவை மனதோடு வைத்திருக்கும் குணம் எனக்கில்லை. சாப்பாட்டு மேசையில் தினமும் சொன்னேன். மூத்தவளுக்குப் பதினைந்து வயது. இன்னும் இரண்டு மூன்று கோடை போனால் அவள் எங்களோடு எங்கேயும் வரமாட்டாள் என்று எனக்குப் பயம். அதற்குள் நாலு பேரும் ஒன்றாகச் சுற்ற வேண்டும், ஹோட்டல் அறையில் களவாக றைஸ் குக்கர் போடாமல். கணவர்தான் பிடி கொடுக்கவில்லை. "பாப்பம்" என்பார். யாழ்ப்பாணத்து ஆண்பிள்ளை "பாப்பம்" என்றால் மாட்டேன் என்று பொருள். அது எனக்குத் தெரியாதா?

அவர் டைல்ஸ் பதிக்கும் வேலை செய்கிறார். சாமான் ஏற்ற வாங்கிய பிக்கப் எங்கள் தெருவில் இரண்டு கார் நிற்கும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். முன்னால் இரண்டு பேர், பின்சீட்டில் மூன்று பேர் இருக்கலாம். டைல்ஸ் பெட்டிகளை மலைபோல் அடுக்கினாலும் முனகாத வண்டி, காரவன் என்ற பேச்சை எடுத்ததும் நோயாளியாகிவிட்டது. "அதாலை இழுக்க ஏலாது" என்றார். நான் விடுவேனா? எடைக் கணக்கை மட்டும் இருந்து வாசித்தேன். காரவனின் வெற்று எடை ஒன்று, சாமான் ஏற்றிய பிறகு தாண்டக்கூடாத எடை இன்னொன்று. இரண்டுக்கும் இடையில் இருக்கும் கொஞ்சத்துக்குள் ஒரு குடும்பம் அடங்க வேண்டும்.

குளியலறைத் தராசைச் சமையலறைக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு பாத்திரமாகத் தூக்கிக்கொண்டு அதில் ஏறி நின்றேன். சின்னவள் என் எடையைக் கழித்துவிட்டு மீதியை எழுதினாள். கழிப்பதற்கு முன் என் எடையை ஒவ்வொரு தடவையும் உரத்து வாசித்தாள், பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். அரிசி மூட்டை, இடியப்பத் தட்டுகள், பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி, மிளகாய்த்தூள் டின், மச்சாள் குடும்பம் திடீரென்று வந்தால் விரிக்க ஒரு மெத்தை. கணவர் பட்டியலைப் பார்த்துச் சிரித்தார்.

"காரவனை விடும். உம்மடை குசினியை இழுக்கவே இன்னொரு பிக்கப் வேணும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பட்டியலிலிருந்து மெத்தையை வெட்டினேன். அரிசி மூட்டையை வெட்டினேன். இடியப்பத் தட்டுகளைக்கூட வெட்டினேன், அது எப்படிப்பட்ட தியாகம் என்று எங்கள் ஆட்களுக்குத்தான் விளங்கும். எடை அடங்கியது. இனி அவர் சொல்ல ஒரு சாட்டும் மிச்சமில்லை என்று நினைத்தேன்.

வசந்தம் பிறந்து ஒரு சனிக்கிழமை எசெக்ஸ் பக்கம் காரவன் விற்கும் முற்றமொன்றுக்குப் போனோம். வெள்ளை வெளேரென்று வரிசையாக நின்றன. முதலாவது ஆறு பேர் படுக்கக்கூடியது, எங்கள் பிக்கப்புக்கு மிகப் பாரம். இரண்டாவதில் கட்டில் அழகு, மேசைதான் தட்டு வைக்கவும் போதாது. பிறகு மூன்றாவதில் ஏறினேன். முன்பக்கம் மூன்று திசையிலும் ஜன்னல், நடுவில் மேசை. பின்னால் மேலும் கீழுமாக இரண்டு கட்டில், மகள்கள் அதற்குள் ஏறிப் படுத்தே விட்டார்கள். நான் மேசையில் கையூன்றி உட்கார்ந்தேன். வெளியே கார் நிறுத்துமிடம்தான் தெரிந்தது. எனக்கு அது நகரத் தொடங்கிவிட்டது, புல்லும் மழையுமாக.

கணவர் ஒன்றிலும் ஏறவில்லை. கீழே நின்று சக்கரத்தைப் பார்த்தார், கொளுக்கியைப் பார்த்தார், கதவோரத்து எடைத் தகட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தார்.

"இஞ்சாருங்கோ, ஏறி வாங்கோவன். நீங்கள் ஓடேக்கை நாங்கள் இருக்கப்போற இடத்தை வந்து பாருங்கோ."

வாசல் வரை வந்தார். நிலையைப் பிடித்துக்கொண்டு, மகள்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "அதுதான் என்னாலை ஏலாது."

"என்ன ஏலாது?"

"உங்களைப் பின்னாலை வைச்சுப் பூட்டிப்போட்டு நான் முன்னாலை இருந்து ஓட ஏலாது. அந்த லொறிக்குள்ளை நாங்கள் எவ்வளவு தட்டினனாங்கள். ஓடினவனுக்குக் கேக்கேல்லை. நீங்கள் தட்டினாலும் எனக்குக் கேக்காது."

அவர் லொறியில் ஒளிந்து இந்த நாட்டுக்கு வந்தவர் என்பது கல்யாணம் பேசும்போதே எனக்குத் தெரியும். எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் அப்படி ஏதாவது ஒன்றில் வந்தவர்கள்தான். ஒருவரை ஒருவர் அதற்கு மேல் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காததோடு நின்றேனா, நாலு மாதமாக அந்த லொறியையே ஜன்னல் வைத்து, திரை போட்டு, அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். என்மேல் எனக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது.

"வேண்டாமப்பா. வீட்டை போவம்" என்று எழுந்தேன்.

அந்த நேரம் பார்த்து விற்பனையாளர் வந்தார். இது பிடிக்கவில்லையா என்று கேட்டார். எனக்குப் பொய் வாயில் வரவில்லை. வண்டி ஓடும்போது நாங்கள் பின்னால் இருப்பது என் கணவருக்குப் பயமாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். விற்பனையாளர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, ஓடும் காரவனில் ஆட்கள் இருக்கவே கூடாதே, எல்லோரும் முன்வண்டியில்தான் இருக்க வேண்டும் என்றார். இது தெரியாமலும் காரவன் வாங்க வருவார்களா என்று நினைத்திருப்பார். குளிர்காலம் முழுவதும் நான் குடியிருந்தது சட்டவிரோதமாக.

"ஒருவருமே?" என்று கணவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒருவருமே."

பிள்ளைகள் நித்திரை என்றாலும் கூடாதா என்று மறுபடி கேட்டார். கூடாது. யாருக்காவது சுகமில்லை என்றால்? அப்போதும் கூடாது. மனிதர் பொறுமையாகப் பதில் சொன்னார். கேட்டு முடித்ததும் கணவர் படியில் கால் வைத்து ஏறி வந்து, என் எதிரே உட்கார்ந்தார். மேசையில் கையூன்றி வெளியே பார்த்தார்.

"இதை எடுப்பம்" என்றார்.

இப்போது ஒவ்வொரு பயணத்திலும், புறப்படும்போது எங்கள் மூவரையும் பிக்கப்பில் ஏற்றிப் பெல்ட் போட வைப்பார். பிறகு தனியாகக் காரவனுக்குள் போவார். அலுமாரியைத் திறப்பார், கழிப்பறையைத் திறப்பார், கட்டில் பலகைகளைத் தூக்கிப் பார்ப்பார். நாங்கள் மூவரும் அவர் கண்முன்னால்தான் பிக்கப்பில் ஏறியிருப்போம், ஆனாலும் பார்ப்பார். இறங்கிக் கதவைப் பூட்டிவிட்டு, வெளியிலிருந்து சுவரில் இரண்டு தட்டுத் தட்டி, காது வைத்து நிற்பார். முதல் தடவை சின்னவள் ஏன் என்று கேட்க வாயெடுத்தாள், மூத்தவள் அவள் கையைப் பிடித்தாள். நாங்கள் றேடியோவை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம்.