என் தங்கையின் ஈரலுக்கு நான் பிடித்த விரதம்

என் வயிற்றில் வேலை செய்வது தங்கை வெட்டிக் கொடுத்த ஈரல். பிறத்தியார் பொருள் என்று என் உடம்பு அதை விரட்டாமலிருக்க ஆயுள் முழுக்க மருந்துக் குளிசை போடவேண்டும். மூளையை மட்டும் யாரும் மாற்றித் தராததால், போன கந்தசஷ்டிக்கு வெறும் தண்ணீரோடு விரதம் பிடித்து, குளிசையையும் விட்டேன். ஈரல் பொருந்தியதற்கு முருகனுக்கு நன்றியாம்!

விரதம் முடிந்த கையோடு காய்ச்சல் வந்து கண் மஞ்சளித்தது. "உடம்பு ஈரலோடை சண்டை பிடிக்குது" என்று டொக்டர் ஆசுபத்திரிக் கட்டிலில் மறித்துப் படுக்கவைத்துவிட்டார்.

வட்டுக்கோட்டையிலிருந்து தங்கை வந்தாள். அழப்போகிறாள் என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டேன்.

"ஏன் அண்ணை குளிசை போடேல்லை?"

"விரதமெல்லே பிள்ளை."

"உங்கடை விரதத்தை உங்கடை குடலோடை வைச்சிருங்கோ. என்ரை ஈரலும் விரதம் பிடிக்கவேணுமெண்டு ஆர் சொன்னது? பெரிய பக்திமான்!"

பக்கத்துக் கட்டில்காரர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முருகனுக்காகப் பட்டினி கிடந்த நான், வயிற்றைக் கிழித்துத் தந்தவளுக்கு ஒருநாளும் நன்றி சொன்னதில்லை.

மருந்து ஏற்றி ஈரலைக் காப்பாற்றினார்கள். வீடு திரும்பும்போது தட்டுத் தடுமாறி அவளிடம் நன்றி சொன்னேன்.

"உந்த நன்றியைப் பிறகு கதைப்பம். முதல்லை குளிசையைப் போடுங்கோ" என்றாள்.