கூழைக்கடா நரைக்கும்வரை

எங்கள் குசினிச் சுவரில் ஒரு கத்தரிக்கோல் ஆணியில் தொங்குகிறது. மீனுக்குச் செட்டை வெட்டுகிற பெரிய கத்தரிக்கோல். அதன் இரண்டு அலகும் சேருகிற இடத்தில் பச்சை நைலோன் நூல் ஒன்று சிக்கிக் கிடந்தது. தங்கச்சி ஒரு கூழைக்கடாப் பறவையின் காலை விடுவித்தபோது சிக்கிய நூல். அவள் செத்த பிறகு நான் மீனுக்குக் கத்தியைத்தான் எடுத்தேன். ஊசியால் ஒரு இழுப்பு இழுத்தால் நூல் வந்துவிடும். இழுக்க எனக்கு மனம் வரவில்லை.

அல்லைப்பிட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆழமில்லாத களக்கடல். இடுப்பளவு தண்ணீரில் தடிகளை நட்டு, இரண்டு கை விரித்தமாதிரி வலை கட்டி, வருகிற மீனை ஒரு மூலைக்குள் ஒதுக்குவது அப்பாவின் தொழில். சிறகுவலை என்போம். அம்மா இல்லாத வீடு. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்று அடுப்பைப் பார்த்தேன். தங்கச்சி படித்தாள். பண்ணைப் பாலத்தால் பஸ் ஏறி யாழ்ப்பாணம் கம்பஸுக்குப் போய் விலங்கியல் படித்தாள். வந்து சோற்றுக் கோப்பையோடு இருந்து தான் படித்ததையெல்லாம் எனக்குச் சொல்லுவாள். பாதி விளங்காது. அவள் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தால் எனக்குப் போதும்.

அப்பாவின் கணக்கில் கூழைக்கடா இரண்டு சாதி. சாம்பல் நிறத்தில், அலகில் மை தெறித்தமாதிரிப் புள்ளிகளோடு வருவது எங்கள் ஊர்க் கடா. அவை வரிசையாக நீந்தி, மீனைக் கரைப்பக்கம் கலைத்து, தொண்டைப் பையால் அள்ளித் தின்னும். எங்கள் வலைக்குக் கிட்ட வராது. மற்றது மண்ணிறம், புள்ளி இல்லை. தடியில் குந்தியிருந்து எங்கள் மீனையே அள்ளும். அதற்கு ஊர் வைத்த பெயர் அக்கரைக் கடா. இரவில் அக்கரை இழுவைப் படகுகள் வந்து வலையை அறுத்துக்கொண்டு போவதைப் பார்த்துப் பார்த்து, பகலில் வந்து களவெடுக்கிற பறவையும் அங்கிருந்துதான் வருகிறது என்று நம்பிவிட்டார்கள். அதைப் பிடிக்க மீன் சேருகிற மூலையிலுள்ள தடிகளின் உச்சியில் நைலோன் கண்ணி கட்டுவார்கள். அப்பாவும் கட்டியிருந்தார்.

ஒரு சனிக்கிழமை விடிய, மண்ணிறப் பறவை ஒன்று கண்ணியில் கால் மாட்டித் தலைகீழாகத் தொங்கியது. தங்கச்சி ஓடிவந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உடுப்போடு தண்ணீருக்குள் இறங்கினாள். தன் சால்வையால் அதன் தலையை மூடி, என்னைச் செட்டையைப் பிடிக்கச் சொல்லிவிட்டு நூலை வெட்டினாள். இடது காலின் வெளிவிரல் அறுந்து போயிருந்தது. அப்பா தோணியில் நின்று பார்த்தார்.

"அவிட்டு விடு, விடு. நாளைக்குச் சொந்தக்காரரையும் கூட்டிக்கொண்டு வருவார்."

"அப்பா, உது குஞ்சு."

"குஞ்சோ? செட்டையை விரிச்சால் என்னைவிட நீளம். உது குஞ்செண்டால் தாய் என்ன ஆனையோ?"

"உடம்பு வளந்திட்டுது, நிறம் இன்னும் வரேல்லை. அலகிலை புள்ளி விழவே ஒரு வருசத்துக்கு மேலை செல்லும். மூண்டாம் வருசம்தான் முழுசா நரைக்கும். பெரிசுகளுக்கு மீன் பிடிக்கத் தெரியும், வலைக்கு வராதுகள். தெரியாத பிள்ளையள்தான் வருகுதுகள். நீங்கள் எங்கடை எண்டு சொல்லுற கடாவின்ரை பிள்ளையளுக்குத்தான் கண்ணி கட்டுறியள்."

"கம்பஸிலை உதைத்தானோ படிப்பிக்கினம்?"

"ஓம். படிச்ச ஆக்களும் முந்திப் பிழை விட்டவைதான். தூரத்து நாட்டிலை இருக்கிற பெரிய கூழைக்கடாவையும் இதையும் ஒரே இனமெண்டு எழுதி வைச்சவை. அவை ரெண்டை ஒண்டாக்கினவை, நீங்கள் ஒண்டை ரெண்டாக்கிப் போட்டியள்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கும்தான். ஆனால் விட்டுக்கொடுக்கிற மனிசன் இல்லை.

"சரி மோளே. உந்த விரலில்லாதவர் நரைச்சு வரட்டும். அண்டைக்குக் கண்ணி எல்லாத்தையும் நானே வெட்டுறன்."

"சொன்ன சொல்லு?"

"சொன்ன சொல்லு."

அன்றிலிருந்து கரையில் எந்தக் கூழைக்கடா இறங்கினாலும் தங்கச்சி முதலில் காலைத்தான் பார்ப்பாள். அடுத்த வருசம் அது ஒருமுறை வந்தது. உடம்பு மண்ணிறம்தான், ஆனால் அலகில் மங்கலாகப் புள்ளி விழத் தொடங்கியிருந்தது. அப்பாவைக் கையில் பிடித்து இழுத்து வந்து காட்டினாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "சேறு பட்டிருக்கும்" என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

மாரி மழையோடு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நாவறண்டு கிடந்தவள், "அக்கா, காலைப் பார்" என்றாள். நான் அவளுடைய காலைத்தான் தடவிக்கொடுத்தேன். அவள் எந்தக் காலைச் சொன்னாள் என்பது கோயில் மணி அடித்து, அவளைச் சேமக்காலைக்குக் கொண்டுபோய் மண் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

அப்பா கொஞ்சக் காலம் கடலுக்கு இறங்கவில்லை. பிறகு இறங்கினார். கண்ணிகளை மட்டும் அப்படியே விட்டிருந்தார். சில நாள் விடிய கை முழுக்க அலகு கீறின காயத்தோடு வருவார். சிக்கின பறவையைத் தானே கையால் அவிழ்த்து விட்டிருப்பார். எனக்குக் கோபம் வந்தது.

"அவள் அவ்வளவு கெஞ்சினவள். இப்பவாவது கழட்டுங்கோவன் அப்பா."

அவர் காயத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டே குனிந்திருந்தார். "கழட்டினால் அவளோடை கதைச்ச கதை முடிஞ்சு போகுமெல்லே பிள்ளை."

அதன் பிறகு நான் கேட்கவில்லை. அவளைப் போல நானும் கால்களைப் பார்க்கப் பழகினேன். அது வரவேண்டும் என்று நேர்ந்தேன். வந்தால் எல்லாம் முடிந்துவிடுமே என்று பயந்தும் இருந்தேன்.

இந்த வருசம் அது வந்தது. நான் கரையில் நல்ல மீனை வேறாகத் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தேன். பெரிய சாம்பல் கூழைக்கடா ஒன்று கழித்த மீனுக்காகக் கிட்டவே நடந்து வந்தது. பிடரியில் குடுமி. அலகு நீளத்துக்குக் கறுத்த புள்ளிகள். மண்ணிறத்தில் ஒரு இறகு இல்லை. சேற்றில் இடது காலைத் தூக்கி வைத்தபோது வெளிவிரல் இருந்த இடம் மொட்டையாக இருந்தது. நான் கூப்பிட முன்பே தோணியில் நின்ற அப்பா கண்டுவிட்டார். தோணியால் இறங்கி, அதற்கு முன்னால் குந்தி, காலையும் அலகையும் மாறி மாறிப் பார்த்தார். கூடைக்குள் கைவிட்டு நல்ல மீனாக ஒன்றை எடுத்துப் போட்டார்.

"நரைச்சிட்டார், மோளே" என்றார். என்னை அவர் மோளே என்று கூப்பிடுவதில்லை.

பிறகு எழும்பிக் குசினிக்குள் போய் ஆணியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தார். ஒவ்வொரு தடியாகப் பிடித்து உச்சியிலிருந்த கண்ணியை வெட்டினார். கடைசித் தடியில் வெட்டி முடித்த பிறகும் அதைப் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். தோள் குலுங்கியது. நான் கிட்டப் போகவில்லை.

இப்போதும் மண்ணிறக் குஞ்சுகள் வந்து அந்தத் தடிகளில் குந்துகின்றன, மீனை அள்ளுகின்றன. அப்பா கையைத் தட்டிக் கலைப்பதோடு சரி. கத்தரிக்கோல் பழையபடி ஆணியில் தொங்குகிறது. ஈரம் துடைக்காமல் மாட்டியதால் துருப்பிடித்துவிட்டது. அலகு சேருகிற இடத்தில் இப்போது நிறையப் பச்சை நூல். எது தங்கச்சி வெட்டியது, எது அப்பா வெட்டியது என்று பிரித்தறிய என்னால் முடியவில்லை.