எஸ்தர் அக்காவும் மூன்றாம் குட்டையும்

செய்தி வந்தபோது குட்டைக் கரையில் இருந்தவர்கள்: நான், என் ஓரகத்தி வசந்தா, ஆடு மேய்க்க வந்த கலியபெருமாள் மாமா. வேறு யாருமில்லை. சிதம்பரம் ஆஸ்பத்திரியிலிருந்து எஸ்தர் அக்காவின் மகள் போன் செய்தாள். "அம்மா போயிட்டாங்க சித்தி" என்றாள். வசந்தா கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாமா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் குமராட்சிப் பக்கம். அக்கா எங்கள் வார்டு மெம்பராக இருந்தவர்கள். வீட்டுக் கழிவுநீரெல்லாம் தெருவில் ஓடி, பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு ஓயாதிருந்த காலத்தில், அலையாய் அலைந்து மூன்று குட்டைகளை வெட்ட வைத்தார்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் குழாய். முதல் குட்டையில் அழுக்கு தங்கும்; இரண்டாவதில் தெளியும்; மூன்றாவதிலிருந்து வாய்க்காலுக்குப் போகும்.

"மிஷினே இல்லாம எப்படிம்மா?" என்று அப்போது மாமா அக்காவிடம் கேட்டார்.

"தண்ணி சும்மா நின்னா போதும் மாமா, வேலைய வெயில் பாத்துக்கும். கரையையும் குழாயையும் நாம பாத்துக்கணும்."

மூன்றாம் குட்டை அவ்வளவு தெளிந்ததுதான் வினையாகிப்போனது. வாய்க்கால் வறண்ட ஒரு வருடம், ஊர்க்காரர்கள் சதுர்த்திப் பிள்ளையாரை அதில் கரைக்கத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அக்கா குறுக்கே நின்றார்கள். "இது யாரு வீட்டுத் தண்ணி தெரியுமா? போன வாரம் நீங்க கக்கூஸ்ல ஊத்துனதுதான்!"

"அல்லேலூயாக்காரிக்குப் புள்ளையார் மேல என்ன அக்கறை?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். கரைத்துவிட்டே போனார்கள். மண் கரைந்தது, உள்ளிருந்த வைக்கோல் குழாயை அடைத்தது. மறுநாள் அக்கா துறட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "உங்க சாமிய நான் தொடலடி, வைக்கோலத்தான் எடுத்தேன்" என்று சிரித்தார்கள். அன்று மாலை விளக்கேற்றும்போது அவர்கள் பெயரையும் சொல்லிக் கும்பிட்டேன்.

சனிக்கிழமைதோறும் தெருவுக்குத் தெரு ஆள் வந்து கரைப்புல் அறுத்து, ஆகாயத்தாமரை வாருவது என்று ஏற்பாடு. யார் வந்தார்கள் என்று எழுதிவைப்பது என் வேலை. கூட்டம் மெல்லக் கரைந்தது. "கணக்குப்புள்ள, இன்னிக்கு எத்தினி பேரு?" என்பார்கள் அக்கா. "நாம ரெண்டு பேருதான் அக்கா." "அப்ப போன வாரத்துக்குக் கொறையல, எழுதிக்கோ."

இந்த வருடமும் பிள்ளையாரை அங்கேயே கரைத்தார்கள். குழாய் அடைத்துக்கொண்டது, தண்ணீர் மூன்று குட்டையிலும் ஏறியது. அந்த வாரமே அக்காவுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் என்னைக் கண்டதும் கேட்டது ஒன்றுதான்: "தண்ணி எங்க நிக்கிது?"

"கரைக்கு ஒரு சாண் இருக்கு அக்கா."

கண்ணை மூடிக்கொண்டார்கள். "மழைக்கு முன்ன குழாய எடுத்துடுங்க. ஒண்டியா எறங்காத. ஆளு சேத்துக்கோ."

அதுதான் கடைசிப் பேச்சு. அடக்கத்துக்கு ஊரே வந்தது. அத்தனை பேரும் அந்தக் கரைமேலேதான் நடந்து போனோம். ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. நேற்று ஒரு தூறல். முதல் குட்டையின் கரையில் கசிவு தெரிகிறது. உடைந்தால் தெற்குத் தெருவும் பால்வாடியும் குடிநீர்ப் போர்க்குழாயும் சாக்கடைக்குள்தான். நான் வேண்டாத தெய்வமில்லை. ஆனாலும் தெய்வம் வந்து வைக்கோல் எடுக்காது.

போய் வாருங்கள் அக்கா. உங்கள் துறட்டி என் வீட்டுச் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் சாய்ந்திருக்கிறது. அதன் நுனியில் இன்னும் பழைய வைக்கோல் ஒட்டியிருக்கிறது.

இதைப் படிக்கும் ஊர்க்காரர்களே, சனிக்கிழமை காலை என்னோடு தண்ணீரில் இறங்க யார் யார் வருகிறீர்கள்? மழைக்கு முன்னால், சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.