எலிசாள் சொன்ன சாட்சி

எலிசாளுக்கு வாய் சும்மா இருக்காது. பழவங்காடியில் ஒரு ஓட்டலின் பின்கட்டில் பதினொரு வருடமாக மாவாட்டுகிறாள். கிரைண்டர் சத்தத்தையும் மீறி அவள் குரல் கல்லாப்பெட்டி வரை கேட்கும். களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஞானையனைக் கட்டிக்கொண்டு எல்லை தாண்டி வந்தவள். அவன் கட்டட வேலைக்குப் போகிறான். பேச்சையெல்லாம் அவளிடமே விட்டுவிட்டான்.

அந்த வாயையே அடைத்தது மகள் ஷெமியின் இழுப்பு. பதின்மூன்று வயசு. மழை பெய்தால் இழுப்பு, பாயை உதறினால் இழுப்பு. நெஞ்சு குழிவிழ மூச்சு வாங்கும் பிள்ளையை ஆட்டோவில் போட்டுக்கொண்டு எத்தனை தரம்தான் ஓடுவது! அந்த நேரத்தில் எலிசாளுக்கு ஜெபம்கூட வராது.

கடைசியில் நெஞ்சு டாக்டர் புது ஊசி ஒன்று எழுதினார். தூசியைக் கண்டதும் பிள்ளையின் உடம்பு வீணாகச் சண்டைக்குக் கிளம்புகிறது, அதைக் கிளப்பிவிடும் பொருளை இந்த மருந்து பிடித்துவைக்கும் என்றார். நாலு வாரத்துக்கு ஒரு தடவை. "டெய்லி இன்ஹேலர் நிறுத்தண்டா, கேட்டோ?" என்று, தினமும் அடிப்பதை நிறுத்தக் கூடாதென மலையாளத்தில் இரண்டு தரம் சொல்லி அனுப்பினார்.

ஐந்து ஊசி ஆயிற்று. அந்த மழைக்காலம் முழுக்க ஷெமி ஒருநாள்கூடப் பள்ளிக்கு மட்டம் போடவில்லை. எலிசாளுக்குத் தலைகால் புரியவில்லை. சபையில் சாட்சி சொல்ல எழுந்தவள், "எனக்க பிள்ளைக்கு கர்த்தர் பூரண சுகம் தந்தாரு! இனி மருந்தும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்!" என்று முழங்கினாள். ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பொய் சொல்லும் எண்ணமில்லை, பாவம், சந்தோஷத்தில் வந்துவிட்டது. சபையே அல்லேலூயா என்றது.

அடுத்த மாதம் அறுப்பின் பண்டிகை. ஆலயம் நிறைய வைக்கோலும் நெற்கதிரும் மரச்சீனிக் கிழங்குக் குவியலும். பிள்ளைகள் வரிசையாக நின்று பாடினார்கள். ஷெமியின் வாய் மட்டும் அசையவில்லை. தோள் ஏறி ஏறி இறங்கிற்று.

எலிசாள் எழுந்து ஓடினாள். அவசரத்துக்கு அடிக்கும் இன்ஹேலர் அவள் பையில்தான் இருந்தது. நீட்டினாள். ஷெமி தலையை ஆட்டி மறுத்தாள்.

"அடி மக்ளே!"

"எல்லாரும்... பாக்குது. நீ சொன்ன சாட்சி... பொய்யாப் போவுமே அம்மா. டெய்லி உள்ளதும் நான்... அடிச்சு ஒரு மாசமாச்சு."

விடிவதற்கு முன்னே மாவாட்டப் போகிறவள், பிள்ளை அடித்தாளா என்று எங்கே பார்த்தாள்? அத்தனை பேர் முன்னாலும் மகளின் தாடையைப் பிடித்து, மருந்தை வாயில் வைத்து அடித்தாள். அன்று ஆசுபத்திரியில் மூக்கில் புகைமருந்து வைத்த பிறகுதான் இழுப்பு அடங்கியது.

மறு ஞாயிறு எலிசாள் தானே மைக்கைக் கேட்டு வாங்கினாள்.

"எனக்க பிள்ளைக்கு நல்லானது ஊசியினால. ஊசியத் தந்ததும் கர்த்தர்தான். இனியும் போடணும், இன்ஹேலரும் அடிக்கணும். நான் வாய்க்கு வந்ததச் சொன்னேன், எனக்க பிள்ளை அதைக் காப்பாத்தப் போயி சாவக் கெடந்தா."

ஒருத்தரும் அல்லேலூயா சொல்லவில்லை. பிள்ளைகள் வரிசையிலிருந்து ஷெமி மட்டும் சத்தமாக, "ஆமென்" என்றாள்.