மஞ்சள் தொப்பிக் கணக்கு

ஊர் சுற்றிக் காட்டுவதுதான் அவள் பிழைப்பு. மைக்கைப் பிடித்தாளானால் பஸ்ஸில் தூங்குகிறவன்கூட எழுந்து உட்கார்ந்து கேட்பான். பயணிகள் எல்லாருக்கும் மஞ்சள் தொப்பி. ஒவ்வோர் இடத்திலும் அவர்கள் திரும்ப ஏறியதும், முன்னால் நின்று தொப்பிகளை எண்ணுவாள். முகத்தைப் பார்க்கிற வழக்கமே கிடையாது.

"ஒரு தடவ முகத்தையும் பாரும்மா," என்பார் டிரைவர்.

"தினம் ஒரு கூட்டம் வருது. முகமெல்லாம் யாருண்ணே ஞாபகம் வச்சுக்கறது?"

அன்று அந்தக் கூட்டத்தில் அவளுடைய அப்பாவும் இருந்தார். வேறென்ன செய்வாள்? புருஷனுக்குப் பகல் ஷிப்ட். ஆயுள் முழுக்க ஆற்றில் படகு ஓட்டிய மனுஷனுக்கு இப்போது நினைவு தப்பித் தப்பிப் போகிறது. வீட்டில் தனியாக விட முடியாது. அவர் தலையிலும் ஒரு தொப்பியை மாட்டிக் கடைசி சீட்டில் உட்கார வைத்தாள்.

"என் படகு எங்க கட்டிருக்கு?" காலையிலிருந்து இதே நச்சரிப்பு.

"அதெல்லாம் பத்திரமா இருக்குப்பா. பேசாம வாங்க."

கோபுரம், சந்தை, அருங்காட்சியகம் என்று மதியம் வரை ஒரு குறையும் இல்லை. ஆற்றுப் படித்துறையில் இறங்கியபோதுதான் வானம் கறுத்தது. காற்று ஆளைத் தள்ளியது. கலங்கலான தண்ணீர் கீழ்ப்படிகளை மூடி மேலே ஏறிக்கொண்டிருந்தது. எல்லாரையும் அவசர அவசரமாக ஏற்றிவிட்டு எண்ணினாள். பட்டியல் கணக்கு சரியாக இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டு, "போலாம்ணே," என்றாள்.

பஸ் பாலத்தில் ஏறியது. மைக்கில் பாலத்தின் பெருமையைப் பேசிக்கொண்டே, அப்பாவுக்குத் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் போனாள். கடைசி சீட் காலி. பக்கத்தில் ஒரு பையன் மட்டும் தொப்பியும் தானுமாக உட்கார்ந்திருந்தான்.

"இங்க இருந்த பெரியவர் எங்க?"

"என் தொப்பி காத்துல ஆத்துக்குப் போயிடுச்சுக்கா. அவருதான் தன்னோடத கழட்டி எனக்கு மாட்டிவிட்டாரு. படகு எடுத்துட்டு வர்றேன்னு போனாரே. அதுலயே வருவாருன்னு நெனச்சேன்."

பட்டியல்படி எண்ணிக்கை சரிதான்; அதில் இல்லாத அப்பாவுக்காக ஒரு தொப்பி கூடுதலாக இருந்திருக்க வேண்டும். "அண்ணே, வண்டிய நிறுத்துங்க."

"நடுப் பாலம்மா. அந்தப் பக்கம் எறங்கித்தான் திருப்ப முடியும்."

அவள் சன்னலை ஒட்டிக் கீழே பார்த்தாள். படித்துறையில் வெறுந்தலையோடு ஒருவர் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு, நிதானமாக, ஒவ்வொரு படியாகத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா," என்றாள், கையை அந்தப் பக்கம் நீட்டி. மைக்கில் அது பஸ் முழுக்கக் கேட்டது.

ஏதோ பார்க்க வேண்டிய இடத்தைக் காட்டுகிறாள் என்று நினைத்து, மஞ்சள் தொப்பிகள் எல்லாம் சன்னல் பக்கம் சாய்ந்து படம் எடுத்தன.