துண்டை மோந்து பார்த்த டாக்டரம்மா

என் அம்மாவின் தலைவலிக்கு ஓடைப்பட்டியில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அத்தைக்கு அது திருஷ்டி. மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பித்தம். அப்பாவுக்கோ, மண்டைக்குள் கட்டி இருக்குமோ என்ற பயம். மதுரைக்குப் போனால் தலையைத் திறந்து பார்ப்பார்கள் என்று யாரோ சொன்னதிலிருந்து அவருக்குச் சோறே இறங்கவில்லை. எனக்கு ஒன்பது வயது. அம்மா செத்துப்போவாளோ என்று பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுவேன்.

திராட்சைத் தோட்டத்தில் பூச்சிமருந்தடிக்கும் காலம் அது. வலி பொறுக்காமல் துண்டால் தலையை இறுகக் கட்டிக்கொண்டுதான் அம்மா தேனி பஸ்ஸில் ஏறினாள். அப்பாவும் அத்தையும் நானும் கூடப் போனோம்.

தேனி ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா ஊசியைத் தொடவே இல்லை. கண்ணில் டார்ச் அடித்தார், பிரஷர் பார்த்தார். பிறகு கேள்வி மேல் கேள்வி. எந்தப் பக்கம் வலிக்கிறது? காலையிலா, சாயங்காலமா? வாந்தி வருமா? எங்கே போனால் விடுகிறது?

"எங்க ஆத்தா வீட்டுக்குப் போனா விட்டுருது டாக்டரம்மா," என்றாள் அம்மா. அத்தையின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்!

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அம்மாவின் தலையிலிருந்த துண்டை அவிழ்த்து மூக்கருகே கொண்டுபோனார். "இது யாரு துண்டு?"

"என் துண்டுதான்," என்றார் அப்பா. "மருந்தடிக்கையில மூக்குல கட்டிக்கிருவேன். வந்து கயித்துல போட்டா, தலவலிக்கு அவ எடுத்துக் கட்டிக்கிருவா."

"மருந்து அப்படியே தலையில ஊறுது. தலவலிக்குன்னு தலவலியவே கட்டிக்கிட்டு வந்திருக்கீக! கட்டி கிட்டி ஒண்ணும் இருக்காது. இதத் தூரப் போட்டுட்டு, சோப்புப் போட்டுக் குளிச்சுட்டு, பத்து நாள் கழிச்சு வாங்க."

அப்பா அங்கேயே அழுதுவிட்டார். நான் வாயைப் பிளந்து நின்றேன். தலைக்குள் இருப்பதை மூக்கால் கண்டுபிடித்த மனுஷி! கடவுளே நேரில் வந்து உட்கார்ந்திருந்தாலும் நான் அப்படிப் பார்த்திருக்க மாட்டேன்.

கிளம்பும்போது டாக்டரம்மா அப்பாவிடம், "ஒங்களுக்குத் தலவலி இல்லையா?" என்று கேட்டார்.

"எனக்கெல்லாம் ஏது டாக்டரம்மா!"

திரும்பி வருகையில் அப்பா பஸ் ஜன்னல் கம்பியில் நெற்றியை அழுத்தி வைத்தபடியே வந்தார். இறங்கும்போது நெற்றியில் கம்பியின் தடம் சிவந்திருந்தது. நல்ல தூக்கம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாளில் அம்மா தேறிவிட்டாள். நானும் டாக்டராகிவிட்டேன். அத்தை, பக்கத்து வீட்டுக்காரர், கட்டிப்போட்ட மாடு என்று ஒரு தலையையும் விடாமல் மோந்து பார்த்தேன். அப்பாவின் தலையை மட்டும் விட்டுவிட்டேன். அவருக்குத்தான் தலைவலியே கிடையாதே.