திருகோணமலையில் எவரெஸ்ட் படிப்பித்தல்

புவியியல் படிப்பிக்கிறது என்றால், தான் காணாத இடத்துக்கு, காண விரும்பாத நாற்பது பேரைக் கூட்டிப்போகிற வேலை. அறுபதுகளில் என்னோடு அந்த வேலை பார்த்த ஆசிரியர்மாருக்கு இது சொல்லாமலே விளங்கும்.

ஐஸ்

எட்டாம் வகுப்புக்கு இமயமலை எடுத்தேன். “எவரெஸ்ட் முழுக்கப் பனி” என்றேன். பிள்ளைகள் தம்பலகாமத்து வயலில் விடியக்காலை இறங்குகிற பனியை நினைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். படம் கீறினேன், குளிரில் நடுங்கியும் காட்டினேன். சரிவரவில்லை. கடைசியில், கடற்கரையில் மீன் வாங்கி அடைக்கிற வாடியில் பெட்டிக்குள் நொறுக்கிப் போடுகிற ஐஸை ஒரு மலையளவுக்கு நினைக்கச் சொன்னேன். வகுப்பே வாயைப் பிளந்தது. வென்றுவிட்டேன் என்றிருக்க, மரியதாஸ் எழும்பினான்.

“இவ்வளவு ஐஸ் கிடக்கு, அங்கை ஏன் சேர் ஒருத்தரும் வாடி போடேல்லை?”

தெற்குப் பக்கம்

கல்வி அதிகாரி வருகிறார் என்று களிமண்ணில் எவரெஸ்ட் செய்தேன். வடக்கே திபெத்து மேட்டுநிலம், தெற்கே நேபாளம், பக்கத்தில் லோட்சே சிகரம், இடையில் இறங்குகிற பனியாறு. பனிக்குக் கோதுமை மா குழைத்துப் பூசினேன். அதிகாரி வந்த அன்று பார்த்தால், நேபாளப் பக்கத்தை எலி சுத்தமாக நக்கியிருந்தது.

“ஏன் பாதி மலையில பனி இல்லை?” என்று அதிகாரி கேட்டார். தேத்தண்ணி கொண்டுவந்த பியோன் கந்தையா, “தெற்குப் பக்கம் வெயில் கூடவல்லோ, ஐயா” என்றார். அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இவரையும் இடைக்கிடை வகுப்பெடுக்க விடுங்கோ, மாஸ்டர்.”

ரஹீமாவின் வாப்பா

வகுப்பில் முதலாவதாக வருகிற ரஹீமாவைப் பள்ளிக்கு வராமல் மறிக்கவென்று கிண்ணியாவிலிருந்து வாப்பா வந்து நின்றார். மீன்பிடிகாரர். “காணாத மலையைப் படிச்சு எங்கட புள்ளைக்கு என்னத்துக்கு?” என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. தேசப்படத்தை இழுத்து விரித்தேன். எவரெஸ்டின் தெற்கில் பனி உருகி, கோசி ஆறாகி, கங்கையில் சேர்ந்து, வங்காள விரிகுடாவில் விழுகிறது என்று கத்தியே சொன்னேன். “அது நீங்கள் வலை போடுற கடல்!”

அவர் மலையில் விரலை வைத்து, ஆற்றோடு இறங்கி, கடலைக் கடந்து, திருகோணமலை வரைக்கும் மெதுவாக வந்தார். அப்படியே திரும்பிப் போய்விட்டார். எனக்கு நித்திரை இல்லை.

திங்கட்கிழமை ரஹீமா தன் இடத்தில் இருந்தாள். வாப்பா வாசலில் நின்றார், கோபமாக.

“முப்பது வருசமா அந்த மலைத் தண்ணியிலதான் தோணி விடுறன், இத ஏன் மாஸ்டர் முந்தியே சொல்லல்ல?”

எவரெஸ்டில் ஏறி இறங்கினவர்களுக்கு மாலை விழுந்தது. அந்த மலையை வருசாவருசம் கரும்பலகையில் ஏற்றி அழித்த எனக்கு வெண்கட்டித் தூசி இருமல்தான் மிச்சம்.